மாணவர் கட்டுரைகளை வகுப்பே சேர்ந்து படித்துப் பேச எந்த ஆன்லைன் வசதி ஒத்துவரும்?

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

எல்லாருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு பிரிவில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். கட்டுரை நோட்டை வாங்கி, சிவப்பு மையில் சுழித்து, கீழே "நன்று, பிழைகளைத் தவிர்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி படிப்பதே இல்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் எவ்வளவு நன்றாக எழுதுகிறாள் என்று தெரியாமலே வருடம் முடிந்துவிடுகிறது. படிக்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல் தூக்கக் கலக்கத்தில்.

கொரோனா சமயத்தில் ஜாம்போர்டு வைத்துக் கொஞ்சம் செய்து பார்த்தோம், அதில் மஞ்சள் சீட்டு மாதிரி ஒட்டலாம், பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. 2024 கடைசியில் கூகுள் அதை இழுத்து மூடிவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது என்ன பயன்படுத்துகிறீர்கள்?

எங்களிடம் இருப்பது: வகுப்பில் ஒரு ப்ரொஜெக்டர், என் லேப்டாப், என் போன். கம்ப்யூட்டர் லேப் உண்டு, ஆனால் பீரியட் கிடைப்பது குதிரைக்கொம்பு. நெட் வரும், போகும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. வீட்டில் அப்பா அல்லது அண்ணன் போனில் இரவு கொஞ்ச நேரம் பார்ப்பார்கள்.

இரண்டாவது சிக்கல், சென்ற மாதம் லேபில் ஒரு கூகுள் டாக்ஸில் எல்லாரையும் எழுதச் சொல்லி, மற்றவர் எழுதியதற்குக் கருத்துப் போடச் சொன்னேன். வந்த கருத்துகள்: "சூப்பர்", "அருமை", "செம", "வாழ்த்துகள் தோழி". மூன்று பேர் இதய எமோஜி மட்டும். ஒருவன் இன்னொருவனுடைய பத்தியையே அழித்துவிட்டான், யார் என்று கேட்டால் வகுப்பே அமைதி. இரண்டு பெண்கள் "எங்கள் கட்டுரையை எல்லாருக்கும் காட்டாதீர்கள் டீச்சர்" என்று வந்து நின்றார்கள். எந்த வசதி, எப்படிச் செய்வது, பெயர் போடுவதா வேண்டாமா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுவர்_விரும்பி:

பேட்லெட். எல்லாரும் குறிப்பு, படம் ஒட்டுகிற ஆன்லைன் சுவர் அது. வேறு யோசனையே வேண்டாம் டீச்சர். இலவசக் கணக்கில் மூன்று சுவர்கள்தான் வைத்துக்கொள்ளலாம், ஒன்று முடிந்ததும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொண்டு அழித்துவிட்டால் மறுபடி இடம் கிடைக்கும். பிள்ளைகள் கணக்கு தொடங்கத் தேவையில்லை, லிங்க் இருந்தால் போதும். கைப்பட எழுதியதைப் போட்டோ எடுத்துப் போடலாம், அதனால் தமிழ் தட்டச்சுத் தொல்லை இல்லை. அமைப்பில் ஒப்புதல் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துவிடுங்கள், நீங்கள் பார்த்து விட்ட பிறகுதான் மற்றவர் கண்ணில் படும். அது இல்லாமல் ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் திறந்து விட்டீர்கள் என்றால் முதல் ஐந்து நிமிடத்தில் அஜித், விஜய் சண்டை தொடங்கிவிடும்.

அந்த டாக்ஸ் விஷயம்: எல்லாரையும் ஒரே பக்கத்தில் எழுத விட்டால் அப்படித்தான் ஆகும். லிங்க் வழியாகக் கணக்கில்லாமல் வந்தால் கூகுள் அவர்களை முகமில்லாத ஒட்டகம், முகமில்லாத நரி என்றுதான் காட்டும், எந்த ஒட்டகம் அழித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அழிந்த பத்தியை மட்டும் பதிப்பு வரலாற்றில் போய் மீட்டுவிடலாம், முயற்சி செய்யுங்கள்.

கணக்குவாத்தி:

நான் நேர்மாறாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். பிள்ளைகள் கையில் எதையும் கொடுக்காதீர்கள். உங்களிடம் போனும் ப்ரொஜெக்டரும் இருக்கிறதே, அதுவே போதும்.

நான் செய்வது இது. மேசையில் இரண்டு அடுக்குப் புத்தகம், அவற்றுக்கு இடையில் ஒரு ஸ்கேல், ஸ்கேல் மேல் போன், கேமரா கீழே பார்த்த மாதிரி. போன் திரையை லேப்டாப்புக்கு அனுப்பி ப்ரொஜெக்டரில் போட்டுவிடுவேன், நெட் இல்லாத நாளில் கேபிள். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் சுற்றி வந்து நான்கு நோட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் வைப்பேன். (a+b)² என்பதை a²+b² என்று விரித்தவன் நோட்டும் வரும், சரியாக விரித்தவன் நோட்டும் வரும். யாருடையது என்று சொல்வதில்லை. "இந்த இரண்டில் எது சரி" என்றும் கேட்பதில்லை. "a-க்கு 3, b-க்கு 4 போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். ஒன்றில் 49 வரும், இன்னொன்றில் 25 வரும். அப்புறம் நான் பேச வேண்டியதே இல்லை, அவர்களே சண்டை போட்டுக்கொண்டு முடிவுக்கு வருவார்கள்.

இதில் பெரிய லாபம் நேரம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடந்துவிடுகிறது. பேட்லெட்டில் போட்டோ எடுத்து, ஏற்றி, ஒப்புதல் கொடுத்து, அதற்குள் பெல் அடித்துவிடும். நாற்பது போட்டோ ஏற்றினால் யார் நாற்பதையும் படிக்கப்போகிறார்கள்? நீங்களே படிக்க மாட்டீர்கள்.

சுவர்_விரும்பி:

சார், கணக்கில் அது சரி, நான்கு வரியில் முடிந்துவிடும். இரண்டு பக்கக் கட்டுரையைக் கேமராவுக்கு அடியில் வைத்தால் பின் பெஞ்சுக்கு எழுத்தே தெரியாது. அதோடு நான்கு பேர் நோட்டு மட்டும்தான் திரைக்கு வரும், மீதி முப்பத்தாறு பேர்? சுவரில் போட்டால் இரவு வீட்டில் உட்கார்ந்து படிக்க வாய்ப்பாவது இருக்கும்.

கணக்குவாத்தி:

இரண்டு பக்கத்தையும் ஏன் காட்ட வேண்டும்? ஒரு பத்தி போதும். முதல் பத்தி மட்டும். அல்லது முடிவு மட்டும்.

ஒரு_அம்மா:

நான் ஆசிரியை இல்லை, படிக்க வந்தவள், ஆனால் சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். பெயர், மதிப்பெண் எல்லாம் தெரிகிற மாதிரி. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் குரூப்பில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? எல்லாம் அப்பா அம்மா நம்பர்கள். ஒரு வீட்டு அப்பா எங்கள் பெண் எழுத்தைப் பார்த்து "டாக்டர் ஆகிற கையெழுத்து" என்று எழுதி, கீழே பத்துப் பதினைந்து சிரிக்கும் முகங்கள். அவருக்கு அது ஒரு ஜோக். இவள் அதை என் போனில் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்குக் கொடுக்க எதை எழுதினாலும் நெட்டில் தேடி எடுத்து அழகான கையெழுத்தில் அப்படியே காப்பி அடித்து எழுதிக் கொண்டுபோவாள். சொந்தமாக எழுதினால்தானே யாராவது சிரிப்பார்கள்.

அந்த இரண்டு பெண்கள் காட்டாதீர்கள் என்று சொன்னதற்கு ஏதோ காரணம் இருக்கும் டீச்சர். கேளுங்கள். மற்றபடி நீங்கள் செய்ய நினைப்பது நல்ல விஷயம்தான்.

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

நன்றி அம்மா. வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா என்று எனக்கும் ஒரு யோசனை இருந்தது, அதை இப்போதே விட்டுவிட்டேன். அந்த இரண்டு பேரிடமும் தனியாகப் பேசுகிறேன்.

சிங்கை_தமிழ்வகுப்பு:

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இங்கே வசதிக்குக் குறைவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் திட்ட வேண்டாம். 2018 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக எஸ்எல்எஸ் என்ற கற்றல் தளம் கல்வி அமைச்சே கொடுத்திருக்கிறது, உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தக் கருவி இருக்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில் பதிவு போட்டு, அடுத்தவர் பதிவைப் பார்த்துக் கருத்து எழுத அதிலேயே வழி உண்டு. இவ்வளவு இருந்தும் தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகளிடமிருந்து வந்த கருத்து என்ன தெரியுமா? "சூப்பர்". "நல்ல முயற்சி". ஆகவே உங்கள் சிக்கல் நெட்டாலோ கருவியாலோ வந்தது இல்லை, நிம்மதியாக இருங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன பார்ப்பது என்று தெரியாது, அதனால்தான் சூப்பர். "கருத்துச் சொல்" என்று பொதுவாகக் கேட்டால் பெரியவர்களே தடுமாறுவோம். நான் கருத்துச் சொல்லச் சொல்வதையே நிறுத்திவிட்டேன். கேள்வி கேட்கச் சொல்கிறேன். "இதைப் படித்தபோது உனக்கு எந்த இடத்தில் இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது? அந்த வரியை அப்படியே எடுத்து எழுது, அதன் கீழ் எழுதியவரிடம் ஒரு கேள்வி கேள்." இவ்வளவுதான் பணி. வரியை எடுத்து எழுத வேண்டும் என்பதால் படிக்காமல் தப்பிக்க முடியாது. கேள்வி என்பதால் யாரையும் புண்படுத்தாது, பெரும்பாலும். எழுதியவருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியும், பதில் எழுதினாலே கட்டுரை நீண்டுவிடும்.

இன்னொன்று, ஆளுக்கு இரண்டு பேர் எழுதியதுதான். யார் யாருடையதைப் படிப்பது என்று நானே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் நன்றாக எழுதுகிறவளுக்கு இருபது கருத்து, தமிழ் வீட்டில் பேசாத பையனுக்கு ஒன்றுகூட இருக்காது. அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கூகுள் கிளாஸ்ரூம் உங்களிடம் இருந்தால் அதில் "கேள்வி" என்ற வகையைப் பாருங்கள், அசைன்மென்ட் இல்லை. அசைன்மென்டில் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் வரும். கேள்வியில் ஒருவருக்கொருவர் பதில் எழுதலாம் என்று ஆன் செய்துவிட்டால், தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியது திறக்கும். முதல் பதிலைப் பார்த்து முப்பது பேர் அதையே திருப்பி எழுதுகிற கதை அங்கே நடக்காது.

பாலிடெக்னிக்_விரிவுரையாளர்:

கடைசியில் சொன்ன விஷயம் மூடில் (Moodle) என்ற கற்றல் தளத்திலும் உண்டு, கேள்வி பதில் வகை விவாதம் என்று தேர்வு செய்ய வேண்டும். அதில் வொர்க்‌ஷாப் என்ற ஒன்றும் இருக்கிறது. மாணவர் கொடுப்பதைத் தானாகவே மற்ற மாணவர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும், எழுதியதற்கு ஒரு மதிப்பெண், அடுத்தவரை எப்படி மதிப்பிட்டார் என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண். பள்ளிக்கு அவ்வளவு வேண்டாம், அமைப்பதற்குள் தலை சுற்றும்.

நான் சொல்ல வந்தது மதிப்பெண்ணைப் பற்றி. டீச்சர், கேள்வியின் முதல் பத்தியிலேயே காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடுகிறார்கள் என்று. 1988ல் ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் இதையே சோதித்துப் பார்த்தார். ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்து. அடுத்த வேலையில் முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பயனே இல்லை, மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் நிலைதான் அவர்களுக்கும். மதிப்பெண் கண்ணில் பட்டதும் குறிப்பு வீணாகிவிடுகிறது.

அதனால் எந்தச் சுவரில் ஒட்டினாலும் மதிப்பெண் போட்ட தாளை ஒட்டாதீர்கள். பேச்சு முடிந்து, திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். ஹெச்எம் கேட்டால் வரைவுக்குத் தனி நோட்டு என்று சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்று மேலே சொன்னவர்களோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. எழுதியவர் பெயர் தெரிய வேண்டாம், சரி. கருத்துச் சொல்பவர் பெயர் கட்டாயம் தெரிய வேண்டும். இரண்டையும் மறைத்துவிட்டால் அது யூடியூப் கமென்ட் பகுதி ஆகிவிடும்.

கணக்குவாத்தி:

ஒன்பதாம் வகுப்பில் கையெழுத்தைப் பார்த்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் சார். நான் பெயர் சொல்லாமல் காட்டினாலும் "இது அவன்தான்" என்று ஒரு குரல் வரும். அதற்கு ஒரு வழி, சில நாள் நானே என் கையால் தப்பாகப் போட்டு அதையும் நான்கில் ஒன்றாக வைத்துவிடுவேன். இடது கையால் எழுதினால் யாருக்கும் தெரியாது. அல்லது சென்ற வருடப் பிள்ளைகளின் தாள். அடுத்த பிரிவின் தாள் இன்னும் நல்லது. நம் வகுப்பில் யாருடையதும் இல்லை என்று தெரிந்தால் தாராளமாகக் குறை சொல்வார்கள், அந்தக் குறையைத் தங்கள் நோட்டிலும் தேடுவார்கள்.

சட்டம்_கொஞ்சம்:

குறுக்கே வருகிறேன். 2023ல் வந்த மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லாருமே குழந்தைகள்தான். அவர்கள் தகவலைக் கையாள்வதற்குப் பெற்றோர் சம்மதம் என்பது அதன் அடிப்படை. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் ஆசிரியர் தன் சொந்த மெயிலில் தொடங்கிய கணக்கில் பிள்ளைகளின் பெயர், போட்டோ, குரல் எல்லாவற்றையும் வெளிநாட்டு ஆப் ஒன்றில் ஏற்றுவது வேறு விஷயம். பயமுறுத்தவில்லை. பெயருக்குப் பதில் எண் போடுங்கள், முகம் தெரியும் படம் வேண்டாம், லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள், தேடுபொறியில் வராதபடி பாருங்கள், பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கு தொடங்கக் குறைந்தது 13 வயது என்பதால் ஒன்பதாம் வகுப்புக்குப் பிரச்சினை வராது, ஆறாம் வகுப்பு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_தமிழையா:

அன்புள்ள ஆசிரியைக்கு. இத்தனை ஆப் பெயர்களைப் படித்ததும் எங்கள் காலத்துக் கையெழுத்துப் பத்திரிகை நினைவுக்கு வந்தது. மாதம் ஒரு இதழ், ஒரே ஒரு பிரதி, நல்ல கையெழுத்து உள்ள ஒருவன் எழுதுவான், படம் போடத் தெரிந்தவன் அட்டை போடுவான். வகுப்பு முழுக்கச் சுற்றும். கடைசியில் நான்கு வெள்ளைப் பக்கங்கள் ஒட்டியிருப்போம், படித்தவர்கள் எழுத. அந்தப் பக்கங்களில் நடந்த சண்டையைப் படிக்கத்தான் எல்லாரும் இதழைத் தேடுவார்கள். நீங்கள் தேடும் கருவிக்கு அதுவே மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது நாற்பது பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்பது மட்டும் கூடுதல், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் பிரதி ஒருவன் வீட்டில் மாட்டிக்கொண்டால் அந்த மாதம் போயிற்று.

நன்னூல் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்பதைப் பற்றிச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும் என்கிறார் பவணந்தியார். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதில். முக்கால் பங்கு வகுப்பில் உள்ள மற்றவர்கள் கையில் இருக்கிறது, நாம் அந்தக் கால் பங்கையே நாள் முழுக்க ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. பிழை திருத்தும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ல, ள, ழ, ஒற்று மிகும், மிகாது என்று தொடங்கினால் அதைத் தவிர வேறு எதுவும் அவர்கள் கண்ணில் படாது. அதுதான் எளிதில் குறை சொல்லக் கிடைப்பது. பொருளைப் பேசட்டும். ஒற்றை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

சிங்கை_தமிழ்வகுப்பு:

ஐயா சொன்ன கடைசிப் பத்திக்கு நூறு லைக். எங்கள் பிள்ளைகளும் "ற் வரணும்" என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கூட உருப்படியாகக் கருத்துச் சொல்ல வரும் என்பதற்கு அமெரிக்காவில் ரான் பெர்கர் என்ற ஆசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஐடஹோவில் முதல் வகுப்புப் பையன் ஒருவன் போட்டோவைப் பார்த்துப் பட்டாம்பூச்சி வரைகிறான், முதல் படம் எல்லாக் குழந்தைகளும் வரைகிற பொம்மைப் பூச்சி. வகுப்புப் பிள்ளைகள் "சிறகு இன்னும் முக்கோணமா இருக்கணும்", "வால் நீளணும்" என்று சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்ப வரைந்து, கடைசியில் அறிவியல் புத்தகத்தில் போடுகிற மாதிரி வந்துவிடுகிறது. முதலில் வடிவத்தை மட்டும் பேசினார்கள், கோலம், புள்ளி எல்லாம் அப்புறம். ஒரு சுற்றுக்கு ஒரு விஷயம் மட்டும்.

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரமாகப் பதில் எழுத முடியவில்லை, இடையில் தேர்வு. இப்போது செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தலைப்பு "எங்கள் ஊர்ச் சந்தை". நோட்டில் எழுதச் சொன்னேன், முதல் பத்தி மட்டும். பெயருக்குப் பதில் எண். இடைவேளையில் என் போனில் போட்டோ எடுத்துப் பேட்லெட்டில் நானே ஏற்றிவிட்டேன், எல்லாவற்றையும் இல்லை, பன்னிரண்டு. மீதி அடுத்தடுத்த வாரம். அந்த இரண்டு பெண்களிடம் பேசினேன். ஒருத்திக்குக் கையெழுத்துதான் பிரச்சினை, அவளுடையதை நான் தட்டச்சு செய்து போடுகிறேன் என்றதும் சரி என்றாள். இன்னொருத்தி இன்னும் வேண்டாம் என்கிறாள், காரணம் சொல்லவில்லை, விட்டுவிட்டேன். அவள் மற்றவர்களுக்குக் கேள்வி மட்டும் எழுதுகிறாள்.

ப்ரொஜெக்டரில் இரண்டு பத்திகளை அருகருகே போட்டேன். ஒன்றில் "சந்தையில் நிறையப் பொருள்கள் இருந்தன. மக்கள் கூட்டம் அலைமோதியது. அனைவரும் மகிழ்ச்சியாகப் பொருள்களை வாங்கிச் சென்றனர்." இன்னொன்றில் "அம்மா கத்தரிக்காயின் காம்பைத்தான் முதலில் பார்ப்பார். காம்பு வாடியிருந்தால் விலையே கேட்க மாட்டார்." கருத்து எதுவும் கேட்கவில்லை, எழுதியவரிடம் ஒரு கேள்வி மட்டும் என்றேன். முதல் பத்திக்கு வந்தவை: "என்ன பொருள்?", "எந்த ஊர்ச் சந்தை?", "நீ என்ன வாங்கினாய்?", "கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்?" ஒருவன் கேட்டான், "அனைவருமா மகிழ்ச்சியாக இருந்தார்கள், விற்கிறவர் கூடவா?" வகுப்பே சிரித்தது, ஆனால் அதை எழுதிய பையனும் சேர்ந்துதான் சிரித்தான். அவன் அன்று மாலையே திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். அதில் தக்காளி விற்காமல் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வந்துவிட்டார், மூன்று மணிக்கு மேல் பாதி விலைக்குக் கூவுகிறார். அந்தப் பாட்டி முதல் வரைவில் இல்லை, நான் சிவப்பு மையில் எவ்வளவு சுழித்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

இரண்டாவது பத்திக்கு நான் எதிர்பார்த்தது பாராட்டு. ஒரு பெண் கேட்டிருந்தாள்: "காம்பு வாடினால் காய் கெட்டுவிட்டதா, இல்லை பேரம் பேச ஒரு சாக்கா?" எழுதியவளுக்கே பதில் தெரியவில்லை, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். நெட் பாதியில் போய்விட்டது, நல்லவேளை படங்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டுக்குப் போய் நானே சுவரில் தட்டச்சு செய்தேன், அது பெரிய வேலை, ஒவ்வொரு வாரமும் முடியாது. பின் பெஞ்சில் மூன்று பேர் கடைசி வரை ஒன்றும் எழுதவில்லை. இரவு லிங்க்கைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்றும் தெரியவில்லை, கேட்டால் எல்லாரும் பார்த்தேன் என்றுதான் சொல்கிறார்கள்.

துண்டுச் சீட்டு விஷயத்துக்கு யாரிடமாவது சுலபமான வழி இருக்கிறதா?

கணக்குவாத்தி:

தட்டச்சு செய்யவே செய்யாதீர்கள் டீச்சர். ஒரு பத்திக்கு வந்த சீட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி ஒரே போட்டோ, அந்தப் பத்திக்குக் கீழே ஏற்றிவிடுங்கள், முடிந்தது. பெரிய எழுத்தில், கருப்பு அல்லது நீலப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள், பென்சில் போட்டோவில் விழாது.

சுவர்_விரும்பி:

போன் கீபோர்டில் மைக்கை அழுத்தினால் தமிழில் சொன்னதை எழுதிக்கொள்ளும், அதுவும் ஒரு வழி. பெயர்ச்சொற்களில் சொதப்பும், மற்றபடி பரவாயில்லை. பின் பெஞ்சு மூன்று பேரைச் சீட்டு வாங்கி ஒட்டுகிற வேலைக்குப் போடுங்கள். ஒட்டும்போது எப்படியும் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு_அம்மா:

கத்தரிக்காய்க்குப் பதில் என்ன வந்தது டீச்சர்?

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

இரண்டும்தான் என்று அவள் அம்மா சொன்னாராம்.